சிவப்பு டேப்

காலையில் ஷட்டரைத் தூக்கிவிட்டு உள்ளே வந்தவள், மேசைமேல் கிடந்த கட்டிங் மிஷினை ஓரமாக நகர்த்தலாம் என்று கை வைத்தாள். அது சூடாக இருந்தது. கையைப் பொசுக்குகிற சூடு இல்லை. பத்து நிமிஷம் ஓட்டிவிட்டு இப்போதுதான் யாரோ கீழே வைத்த மாதிரி, பல்சக்கரம் இருக்கும் தலைப்பக்கம் மட்டும் ஒரு வெதுவெதுப்பு. வயர், நேற்று அவளே சுருட்டிக் கட்டியபடி, கட்டு அவிழாமல் இருந்தது. பிளக் மேசை விளிம்பில் தொங்கியது.

வெயில் பட்டிருக்கும் என்று நினைத்தாள். ஷட்டரை மூடிவிட்டால் அந்த அறைக்குள் வெயில் நுழைய ஊசிமுனை அளவு இடம்கூடக் கிடையாது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள்.

கடை என்று பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை, வீட்டின் முன்னறைதான். டிரில், கட்டிங் மிஷின், மரம் இழைக்கிற மிஷின் என்று கையில் பிடித்து வேலை செய்கிற எதன் மோட்டார் படுத்தாலும் அங்கேதான் வரும். மோட்டாருக்குள் சுழல்கிற ஆர்மேச்சர் கருகியிருந்தால் அதைப் பிரித்து, மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்று எண்ணிச் சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்து, புதிதுபோல் ஓடவிடுவாள். தெருவில் அவளுக்கு மோட்டார் அக்கா என்று பெயர். பழுது என்னவென்று பார்க்க அவள் முதலில் மிஷினைப் பிரிப்பதில்லை. ஓடும்போது நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை அதன் உடம்பில் ஊன்றி, பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவாள். பேரிங் தேய்ந்ததா, கார்பன் கட்டை தீர்ந்ததா, உள்ளே எதுவும் உரசுகிறதா என்று ஓசையை வைத்தே சொல்லிவிடுவாள். மோட்டாருக்கு நாடி பார்க்கிற டாக்டரம்மா என்று எதிர்க்கடைத் தையல்காரர் கிண்டல் பண்ணுவார். அவருக்கும் ஒருநாள் பார்த்துச் சொல்வதாக இவள் திருப்பிக் கொடுப்பாள். மண்டைக்குள் ஏதாவது ஓடுகிறதா என்று தெரிந்துவிடுமே.

அந்த மிஷினைக் கொண்டுவந்தது டைல்ஸ்காரரின் மனைவி. டைல்ஸ்காரர் செத்து இருபத்தொரு நாள் ஆகியிருந்தது. நேற்றுச் சாயங்காலம் வந்து, ஒரு துணிப்பைக்குள்ளிருந்து குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் தூக்கி மேசையில் வைத்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"குடிச்சிட்டு வேலை பாத்தாரு, அதான் இப்படி ஆச்சுன்னு எல்லாரும் பேசுறாங்க அக்கா. அவரு தொட்டதில்ல, உங்களுக்கே தெரியும். பெரியவ அதை நம்பிட்டா. அப்பா போட்டோவ சுவத்துப் பக்கம் திருப்பி மாட்டிட்டா. மிஷின்ல கோளாறுன்னா நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, அவகிட்ட சொல்லிடுவேன். இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. நாளைக்கு ஆறு மணிக்கு வரேன்."

சரி என்றாள் மோட்டார் அக்கா. வேறு என்ன சொல்ல முடியும். பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியமே அவளுக்கு இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

புதிதாகச் சுற்றிய ஆர்மேச்சரைச் சோதிக்கும்போது அவள் ஸ்விட்சை நம்ப மாட்டாள். ஸ்விட்சுக்குப் போகிற இரண்டு வயரையும் பிடுங்கி, ஒன்றோடு ஒன்று முறுக்கி, ஈயம் வைத்துவிடுவாள். அப்போது மோட்டார் டைரக்ட். பிளக்கில் கரண்ட் இருந்தால் ஓடும், இல்லாவிட்டால் நிற்கும், நடுவில் கேட்பார் இல்லை. அரைநாள் அப்படி விட்டுவிட்டு ஓட்டிப் பார்த்துத் திருப்தியான பிறகுதான் ஸ்விட்சை மறுபடி இணைப்பாள். மறந்துவிடக் கூடாதே என்று, டைரக்ட் கொடுத்த மிஷினின் பிளக் பக்கம் வயரில் ஒரு சுற்று சிவப்பு டேப் ஒட்டுவாள். சிவப்பு இருந்தால் மிஷின் வாசலைத் தாண்டாது. பன்னிரண்டு வருஷமாக இதுதான் சட்டம், அவளே போட்டு அவளே மீறாத சட்டம்.

டைல்ஸ்காரரின் மிஷினுக்கு டைரக்ட் கொடுத்த அன்றைக்கு டேப் தீர்ந்திருந்தது. அவ்வளவுதான். மத்தியானம் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டாள். பெயிண்டர் ஒருவர் வந்து, டைல்ஸ்காரர் வாங்கிவரச் சொன்னார், ரெடியா என்றார். இவள் போனில் தங்கையோடு பேசிக்கொண்டிருந்தாள். வயரைப் பார்த்தாள், சிவப்பு இல்லை. எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

வேலை நடந்த இடத்தில் அப்போது கரண்ட் இல்லையாம். வந்ததும் ஆரம்பிக்கலாம் என்று டைல்ஸ்காரர் பிளக்கைச் செருகி வைத்துவிட்டு, ஸ்விட்ச் அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, மிஷினைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கி, டைல்ஸ் அறுக்கிற புது டிஸ்க்கை மாட்டி இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். கரண்ட் வந்தது. பக்கத்து அறையில் இருந்த பெயிண்டர் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று.

சாவு வீட்டுக்குப் போனபோது இவள்தான் அந்தப் பெண்ணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். மனசார அழுதாள். ஆனால் வாயைத் திறக்கவில்லை.

பத்து மணிக்கு மேல் ஒரு டிரில்லுக்குக் கார்பன் மாற்ற உட்கார்ந்தாள். எதிர்க்கடைத் தையல் மிஷின் கடகடத்து ஓய்ந்த ஒரு இடைவெளியில், காதுக்குப் பக்கத்தில் கொசு பறப்பதுபோல் ஒரு ரீங்காரம். ஃபேனை நிறுத்தினாள். ரீங்காரம் நிற்கவில்லை. டிரில்லின் பிளக் கழன்றுதான் கிடந்தது. ஷெல்ப்பில் இருந்த மிஷின்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள், எல்லாம் சில்லென்று இருந்தன. கடைசியாக, தொடாமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த அதன்மேல் ஸ்க்ரூடிரைவரை ஊன்றி, பிடியைக் காதோரம் வைத்தாள்.

உள்ளே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

சுமையில்லாமல், நிதானமாக, நன்றாகக் கட்டிய மோட்டார் மட்டுமே ஓடுகிற மாதிரி, பிசிறில்லாத ஓசை. பேரிங் சுத்தம். கார்பன் பதமாக உட்கார்ந்திருக்கிறது. தன் கைவேலை என்று கேட்ட மாத்திரத்தில் தெரிந்தது. ஒரு கணம் அவளுக்குப் பெருமைகூட வந்தது, அதை நினைத்து அடுத்த கணமே உடம்பு கூசியது. டிஸ்க் மாட்டுகிற தண்டில் விரலை வைத்தாள். தண்டு அசையவில்லை. ஒரு மயிரிழைகூட அசையவில்லை. வயர் கட்டு அவிழாமல் கிடந்தது.

மத்தியானம் கணவர் சாப்பிட வந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகளின் கூச்சலில் பாதிக் காது போய்விட்டது என்று அவரே சொல்லிக்கொள்வார். மிஷினைக் காட்டித் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். அவர் புறங்கையை வைத்துப் பார்த்தார், உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"கல்லாட்டம் குளிர்ந்து கிடக்கு. இதுலயா சூடு?" என்றவர் அவள் கையைப் பிடித்ததும் புருவத்தைச் சுருக்கினார். "உன் கைதான் சுடுது. காய்ச்சலா?"

காய்ச்சல் இல்லை என்றாள். டேப் தீர்ந்த அன்றைக்கு நடந்ததை முதல்முறையாக அவரிடம் சொன்னாள். ஆறு மணிக்கு டைல்ஸ்காரர் மனைவி வருவாள், சொல்லிவிடட்டுமா என்று கேட்டாள். கணவர் கைகழுவிவிட்டு ஈரக்கையைத் துண்டில் துடைத்தார். சொன்னால் போன உயிர் வரப்போவதில்லை, போலீஸ்தான் வரும், அதற்குப் பிறகு ஒரு ஸ்க்ரூவைக்கூட நம்பி யாரும் உன்னிடம் கொடுக்க மாட்டார்கள் என்றார். அந்த வயரைச் சரிபண்ணி வைத்துவிடு என்பதை மட்டும் அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். வேனைக் கிளப்பிக்கொண்டு போனார்.

அவர் பேச்சில் தப்புச் சொல்ல என்ன இருக்கிறது என்று அவளுக்குப் பட்டது. சுவரைப் பார்த்துத் திரும்பித் தொங்குகிற அந்தப் போட்டோதான் நடுநடுவே வந்து நின்றது. டைல்ஸ்காரர் அதிகம் பேச மாட்டார். மிஷினை வாங்கிப் போகும்போதெல்லாம், அக்கா கை பட்டா பத்து வருஷம் ஓடும் என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பிரித்தாள். நான்கு ஸ்க்ரூவும் அடம்பிடிக்காமல் கழன்றன. பிடியின் மூடியைத் தூக்கியதும் வார்னிஷ் தீய்கிற வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. உள்ளே எதுவும் தீயவில்லை. வயர் இரண்டும் முறுக்கி, ஈயம் வைத்து, ஸ்விட்சின் முதுகுக்குப் பின்னால் மடங்கிக் கிடந்தன. அவள் இடதுகைக்காரி. அவள் முறுக்கினால் முறுக்கு இடதுபக்கமாக விழும். கையெழுத்துப் போட்ட மாதிரி இடதுபக்கமாகவே விழுந்திருந்தது.

வெட்டினாள். முனைகளைச் சீவி ஸ்விட்சில் மாட்டி இறுக்கினாள். மூடினாள். பிளக்கை, குண்டு பல்பு இணைத்த சோதனைப் பலகையில் செருகினாள். ஸ்விட்ச் அணைந்திருந்தால் பல்பு எரியக் கூடாது.

பல்பு எரிந்தது. மங்கலாக, சிவப்பாக, மெல்ல.

ஸ்விட்சை அழுத்தி விட்டாள், பல்பு அப்படியே இருந்தது. பிளக்கைப் பிடுங்கினாள். இழை கறுக்க வழக்கத்தைவிட நேரம் எடுத்ததுபோல் இருந்தது. மறுபடி நான்கு ஸ்க்ரூவையும் கழற்றினாள், இந்தத் தடவை ஒன்று உருண்டு மேசைக்கடியில் போயிற்று. மூடியைத் தூக்கினாள். வயர் இரண்டும் முறுக்கிக் கிடந்தன. ஈயம் புதிதாக மின்னியது. இடதுபக்க முறுக்கு.

நாம்தான் வெட்டியதாக நினைத்துக்கொண்டோம், வெட்டவில்லை என்று தனக்குத் தானே சொன்னாள். மேசையில், கட்டிங் பிளேயருக்குப் பக்கத்தில், வெட்டி எறிந்த வயர்த் துண்டு கிடந்தது. அதைப் பார்க்காதமாதிரி பார்த்தாள். உள்ளங்கை எரிந்தது. விரல் நுனிகள் ஈயம் பட்ட மாதிரி காந்தின. இரண்டாம் தடவை வெட்டினாள். மூடவில்லை, மூடாமல் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. வெளியே யாரோ சைக்கிளை ஸ்டாண்டு போட்டார்கள். திரும்பினாள். திரும்பியது ஒரு நொடி. பார்த்தால் வயர்கள் சேர்ந்திருந்தன, ஈயத்திலிருந்து இழையாகப் புகை எழும்பிக்கொண்டிருந்தது.

செத்துப்போன மனுஷர் என்னிடம் என்னதான் கேட்கிறார் என்று நினைத்தாள்; நினைத்ததும் பதிலும் தெரிந்திருந்தது. ஒரு வார்த்தை. அவர் பொண்டாட்டி கேட்ட அதே ஒரு வார்த்தை.

"சொல்லிடறேன்" என்று வாய்விட்டுச் சொன்னாள். "ஆறு மணிக்கு வந்ததும் சொல்லிடறேன்."

ரீங்காரம் நின்றது. காலையிலிருந்து இருந்துகொண்டே இருந்த ஓசை நின்றபோது அறையே ஒரு அடி பெரிதானதுபோல் இருந்தது. அழுகை வந்தது. அழுதுகொண்டே மூன்றாவது தடவை வெட்டி, ஸ்விட்சை இணைத்து, மூடி, சோதித்தாள். பல்பு எரியவில்லை. ஸ்விட்சைத் தள்ளினால் எரிந்தது, விட்டால் அணைந்தது. பசுவாக இருந்தது மிஷின். தண்டு, தலை, பிடி எல்லாம் சில்லிட்டுக் கிடந்தது.

ஆறு மணிக்கு ஷட்டரை முழுதும் தூக்கினாள், அந்தப் பெண் வந்தாள். இன்றைக்கும் உட்காரவில்லை. வாசல் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்ததால் முகம் சரியாகத் தெரியவில்லை. எதிர்க்கடையில் தையல்காரர் ஊசியில் நூல் கோத்தபடி இந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் துணி தைக்க வந்த இரண்டு பேர். நாலு பேர் காதில் விழும். நாளைக்குத் தெருவே பேசும். மோட்டார் அக்கா மிஷினை அந்தப் பெண் பக்கம் நகர்த்தினாள். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். சத்தியமாகச் சொல்லத்தான் திறந்தாள்.

"பிரிச்சுப் பாத்தேம்மா" என்றாள். "மிஷின்ல ஒரு கோளாறும் இல்ல."

அந்தப் பெண் துணிப்பையை விரித்தாள்.

"அப்ப அவரு மேலதான் தப்பா அக்கா?"

"அன்னைக்கு அவரு என்ன நெலமையில இருந்தாரோ. நாம என்னத்தக் கண்டோம்."

வாய் கூசாமல் எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அந்தப் பெண் தலையை ஆட்டினாள். மிஷினைத் துணிப்பைக்குள் வைத்தாள், இந்தத் தடவை ஒரு கையால். படியிறங்கிப் போனாள். தெருமுனை திரும்பும்வரை இவள் பார்த்துக்கொண்டே நின்றாள். போய்விட்டது. மிஷின் போய்விட்டது. உள்ளே வந்து முக்காலியில் உட்கார்ந்து, காலையிலிருந்து முதல் தடவையாக முதுகைச் சுவரில் சாய்த்தாள்.

ரீங்காரம் கேட்டது.

மேசையில் எதுவும் இல்லை. எழுந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். ஷெல்ப்பில் முதல் டிரில்லில் ஊன்றினாள். கேட்டது. அடுத்த மிஷினில் ஊன்றினாள். அதே ஓசை, அதே அளவு. மர இழைப்பானில். மேசைக்காலில். சுவரில். தரையில் குந்தி உட்கார்ந்து தரையில். எதில் ஊன்றினாலும் ஒரே மோட்டார், ஒரே நிதானம். எங்கேயும் கூடவில்லை, எங்கேயும் குறையவில்லை. அப்படியென்றால் ஓசை நுனிப் பக்கமிருந்து வரவில்லை.

பிடிப் பக்கமிருந்து வருகிறது.

அப்போது கரண்ட் போனது. விளக்கு, ஃபேன், தையல் மிஷின், தெருவிளக்கு, எல்லாம் ஒன்றாக. தெரு கறுத்தது. அந்த நிசப்தத்தில் ரீங்காரம் தாழ்ந்தது. கரண்ட் போன மோட்டார் சுற்றிச் சுற்றித் தளர்ந்து நிற்குமே, அப்படி. தாழ்ந்தது. இழுத்தது. அவள் ஸ்க்ரூடிரைவரைத் திருப்பினாள். நுனியைத் தன் நெஞ்சுக்குழியில் வைத்து, தலையைத் தாழ்த்தி, பிடியைக் காதோரம் வைத்தாள்.

உள்ளே தண்டு கடைசிச் சுற்றைச் சுற்றி முடித்துக்கொண்டிருந்தது. பேரிங் சுத்தம். கார்பன் பதம். டக் என்று நின்றது.

ஸ்க்ரூடிரைவர் கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுக்க நினைத்தாள். கை வரவில்லை. கால் வரவில்லை. உடம்பில் எதுவும் வரவில்லை, கண் மட்டும் அசைந்தது. கண் இருட்டுக்குப் பழகியது. மேசையோரச் சோதனைப் பலகையில் ஒரு பிளக் செருகியிருந்தது. அவள் செருகியது இல்லை. அதிலிருந்து கறுப்பு வயர் ஒன்று இறங்கி, தரையில் வளைந்து, அவள் குதிகாலுக்குப் பக்கமாக வந்து, முதுகுப் பக்கம் ஏறியது. எங்கே போய் முடிகிறது என்று அவளால் பார்க்க முடியவில்லை. பிடரியில், முடிக்குக் கீழே, வெதுவெதுப்பாக இருந்தது.

நாலடி தூரம். பிடுங்கினால் போதும்.

இந்தப் பகுதியில் கரண்ட் ஒரேயடியாக வராது. ஒவ்வொரு ஃபியூஸாகப் போட்டுக்கொண்டு வருவார்கள், தையல்காரர் கடைக்கு அடுத்தது இவள் வீடு. தெருக்கோடியில் நாலு வீட்டில் விளக்கு எரிந்தது. பிள்ளைகள் ஹோவென்று கத்தினார்கள். அப்புறம் அடுத்த நாலு வீடு. கணவரின் வேன் தெருமுனை திரும்பியது. அதன் விளக்கு வெளிச்சம் வாசல் வழியாக நுழைந்து, தரையில் ஊர்ந்து, பலகைமேல் ஏறி, பிளக்கின்மேல் நின்றது.

வயரில் சிவப்பு டேப் இல்லை.

தையல்காரர் கடையில் விளக்கு எரிந்தது.